ஓதத் தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை: டிஸ்லெக்சியா பிள்ளைகளை மக்தபிலேயே அடையாளம் காணலாம்

மாலை மக்தபில் சில வருடங்கள் பாடம் நடத்திய எந்த உஸ்தாதிடமும் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு பிள்ளையையாவது அவர் பார்த்திருப்பார். அம்ம ஜுஸ்உவில் பாதிக்கு மேல் மனப்பாடம். ஓதச் சொன்னால் கணீரென்று ஓதுவான். மக்ரஜிலும் பெரிய குறை இருக்காது. ஆனால் முஸ்ஹஃபைத் திறந்து, அவன் கேட்டறியாத ஒரு வரியின் நடுவில் விரலை வைத்து "இந்த இடத்தை வாசி" என்றால் அப்படியே நின்றுவிடுவான். அலிஃபையும் லாமையும் கூட ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். நேற்று முழுக்கச் சொல்லிக் கொடுத்த எழுத்து இன்று புதிதாகத் தெரியும்.

அத்தாவிடம் சொன்னால் அவருக்கும் குழப்பம்தான். "வீட்டுல ரிமோட்டைக் கழற்றி மாட்டுறான் ஹஜ்ரத், கடையில உட்கார வச்சா மீதிச் சில்லறை சரியா கொடுக்குறான், புத்தகத்தைத் தொட்டாத்தான் தூக்கம் வருது" என்பார். அதிலிருந்து அவரும் நாமும் எடுக்கும் முடிவு ஒன்றே: பிள்ளை சோம்பேறி. அதன் பிறகு அவனுக்குக் கிடைப்பது திட்டு, பிரம்பு, பெஞ்ச் மீது நிற்பது, தம்பியோடு ஒப்பிட்டுப் பேசுவது.

இந்தப் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு இருப்பது சோம்பேறித்தனம் அல்ல, டிஸ்லெக்சியா. தமிழில் இதை வாசிப்புக் குறைபாடு என்றும் கற்றல் குறைபாடு என்றும் எழுதுகிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. நாற்பது பிள்ளைகள் ஓதும் ஒரு மக்தபில் இரண்டு முதல் நான்கு பேர். இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பள்ளிக்கூட ஆசிரியரைவிட மக்தப் உஸ்தாதுக்கு ஒரு விதத்தில் அதிகம் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வரும் செய்தி. அதற்கு முன் இந்தக் குறைபாடு என்ன என்பதைப் பார்த்துவிடுவோம்.

மருத்துவ உலகம் இதைக் கவனித்த கதையே நமக்குப் பாடமாக இருக்கிறது. 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் ஸீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பானவன். ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியரிடமும் படிப்பவன். ஆனாலும் ஓரசைச் சொற்களையே தட்டுத் தடுமாறித்தான் வாசித்தான். தன் பெயரை எழுதும்போது நடு எழுத்துகள் இடம் மாறிப்போயின, அது தப்பு என்றும் அவனுக்குத் தெரியவில்லை. அதே பையன் எண்களைத் தடையில்லாமல் வாசித்தான், 749ஐ 867ஆல் விரைவாகப் பெருக்கிச் சரியான விடை எழுதினான். அவனுடைய ஆசிரியர் சொன்ன கருத்தையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார்: பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவர் கருதினார்.

நம் மக்தப் பையனின் கதையும் இதுதான்.

பார்வை தொடர்பான கோளாறு என்று அன்றைக்கு நினைத்தார்கள். "சொல் குருடு" என்று பெயரும் வைத்தார்கள். டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கியவரே ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர்தான். பிறகு வந்த ஆய்வுகள் கவனத்தைக் கண்ணிலிருந்து சத்தத்துக்குத் திருப்பின. நாம் பேசும்போது "மரம்" என்பது ஒரே மூச்சில் வெளிவரும் ஒரு சத்தம். வாசிக்கும் குழந்தையோ அதை ம், அ, ர், அ, ம் என்ற துண்டுகளாகப் பிரித்து உணர வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் உரிய வடிவத்தைப் பிடிக்க வேண்டும், மீண்டும் ஒட்டிச் சொல்லாக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சில மாதப் பயிற்சியில் இது தானாக நடக்க ஆரம்பித்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் மூளையில் சத்தத்தையும் வடிவத்தையும் இணைக்கும் இந்த வேலை இயல்பாக ஓடுவதில்லை. நமக்குப் பழகிய சாலையில் சைக்கிள் ஓட்டுவது போல் இருக்கும் வாசிப்பு, அவனுக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள் ஓட்டுவது போல் இருக்கும். களைப்பு வரும், கொட்டாவி வரும், "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போவான்.

அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல புத்திசாலிக்கும் இருக்கும், சராசரிப் பிள்ளைக்கும் இருக்கும். பரம்பரையாகவும் வருகிறது. தந்தைக்கோ தாய்க்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, இன்று பெரிய கடை நடத்தி, வரவு செலவை மனதிலேயே வைத்திருக்கும் தந்தைமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! "எனக்கும் படிப்பு ஏறல, இவனுக்கும் ஏறல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த ஒரு வரியை உளவியலாளர் கேட்டால் குறித்துக்கொள்வார்.

இனி மக்தபுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசிக்கும் பிள்ளைக்குத் தப்பிக்கப் பல வழிகள் உண்டு. படத்தைப் பார்த்து ஊகிக்கலாம். "அம்மா சமையல் அறையில்..." என்று தொடங்கினால் மீதியைத் தானே சேர்த்துக்கொள்ளலாம். பாடத்தைப் பலமுறை கேட்டிருந்தால் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடலாம். மொழி அவன் வீட்டு மொழி என்பதால் பொருள் கைகொடுக்கும். இரண்டாம் வகுப்பு முடியும் வரை இப்படியே ஓட்டிவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரபி எழுத்தில் இந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சொற்களின் பொருள் தெரியாது, படமும் கிடையாது. எழுத்தைப் பார்த்து, குறியைப் பார்த்து, சத்தமாக்குவது ஒன்றே வழி. வாசிப்புக் குறைபாட்டைச் சோதிக்கும் நிபுணர்கள் பொருளே இல்லாத சொற்களைக் கற்பனையாக உருவாக்கிப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுப்பார்கள். ஊகத்துக்கு இடம் கொடுக்காமல், எழுத்தைச் சத்தமாக்கும் திறனை மட்டும் அளக்க அவர்கள் கையாளும் உத்தி அது. நம் மக்தபில் நாழிரா ஓதும் ஒவ்வொரு பிள்ளையும், நாம் அறியாமலேயே, தினமும் ஏறக்குறைய அந்தச் சோதனையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை பார்த்து ஓதுகிறானா, நினைவிலிருந்து ஓதுகிறானா என்பதை உஸ்தாத் பிரித்தறிய வேண்டும். ஸபக்கை முதலில் உஸ்தாத் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்லி, மறுநாள் ஒப்பிக்கும் நம் வழக்கத்தில் காது நல்ல பிள்ளை ஒருபோதும் மாட்டிக்கொள்ளாது. விரல் வரியில் ஓடும், கண் கிதாபில் இருக்கும், வாயிலிருந்து வருவதோ நேற்றுக் கேட்டது. யஸ்ஸர்னல் குர்ஆனில் ஸபர், ஸேர், பேஷ் பாடங்களைக் கூட ராகத்தோடு மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரே சமயத்தில் காயிதா தொடங்கிய பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக அழைத்து, அவர்கள் ஓதியிராத ஒரு பக்கத்தில் இரண்டு வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள். ஓதி முடித்த பாடத்தில் நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். பாடத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் இங்கே உதவாது. புள்ளிகளால் மட்டும் வேறுபடும் பா, தா, ஸா மூன்றையும், ஜீம், ஹா, கா மூன்றையும் கலந்து கேளுங்கள். ஐன் போன்ற எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும். எல்லாப் பிள்ளைகளுமே இதில் முதலில் திணறுவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கடந்த பிறகும் கூடவே தொடங்கியவர்கள் எல்லாம் தாண்டிப் போய்விட, ஒரு பிள்ளை மட்டும் ஒழுங்காக வந்தும் அங்கேயே நின்றால் அது கவனிக்க வேண்டிய அடையாளம்.

அதோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அரபியில் மட்டும் தடுமாற்றம் என்றால் நம் பாடமுறையிலோ வருகையிலோ குறை இருக்கலாம். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால், வீட்டில் யாரும் பேசாத மொழியை எல்கேஜியில் திணித்ததன் விளைவாக இருக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளை தமிழ்வழிப் பள்ளியில் தமிழுக்குத் தடுமாறினால் அது மொழிப் பழக்கம் சார்ந்தது. தமிழ், ஆங்கிலம், அரபி மூன்றிலும் எழுத்து என்று வந்தாலே பிள்ளை நின்றுவிடுகிறது, வாய்ப்பேச்சில் மட்டும் எந்தக் குறையும் இல்லை என்றால்தான் நம் சந்தேகம் வலுக்கிறது. ஆகவே உஸ்தாத் பெற்றோரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம், பள்ளிக்கூடத் தமிழ் நோட்டு.

அந்த நோட்டில் என்ன பார்ப்பது?

தமிழ் எழுத்து ஆங்கிலத்தைப் போல ஏமாற்றாது. பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிறோம். அதனால் தமிழில் டிஸ்லெக்சியாவே இருக்காது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. எழுத்தும் ஒலியும் நன்றாகப் பொருந்தும் இத்தாலிய மொழி பேசுவோரையும், பொருத்தம் குறைந்த ஆங்கிலம், பிரெஞ்சு பேசுவோரையும் ஒப்பிட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது மூன்று மொழியினருக்கும் மூளையின் ஒரே பகுதியில்தான் செயல்பாடு குறைந்திருந்தது. வெளியே தெரியும் விதம்தான் மாறுகிறது. எழுத்து ஒலிக்கு இணங்கியிருக்கும் மொழிகளில் பிழையைவிட மெதுவான வாசிப்பே பெரிய அடையாளம். தமிழிலும் நான்காம் வகுப்புப் பிள்ளை பிழையில்லாமல் ஒரு பத்தியை வாசித்துவிடலாம். ஆனால் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பத்தியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். "என்ன படித்தாய்?" என்றால் சொல்லத் தெரியாது. அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் வரும். வீட்டில் எந்தப் பெற்றோரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. என் கணிப்பில் மற்ற அடையாளங்களைவிட அதிகம் சொல்வதும் இதுதான்.

தமிழுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. "கெ", "கே", "கை" என்னும்போது கொம்பும் சுழியும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, சத்தமோ பின்னால் வருகிறது. "கொ", "கோ" என்றால் இரு பக்கமும் குறி. எல்லாக் குழந்தையும் ஒன்றாம் வகுப்பில் இதில் இடறும். மூன்றாம் வகுப்பிலும் "கொடி" என்பதைக் "கெடி" என்றே எழுதுவது, குறில் நெடில் வேறுபாடு பிடிபடாமல் "பாடம்", "படம்" இரண்டையும் ஒன்றுபோல் எழுதுவது, மெய்யெழுத்தின் புள்ளியையோ மெய்யெழுத்தையே முழுதாகவோ விட்டுவிட்டுப் "பள்ளி"யைப் "பளி" ஆக்குவது, "பலகை"யைப் "பகலை" என்று இடம் மாற்றுவது, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது ஆகியவை தொடர்ந்து தெரிந்தால் கவனிக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுத மிக நீண்ட நேரம் எடுப்பதும், பாதி எழுதுவதற்குள் பலகை அழிக்கப்பட்டுவிடுவதும் இந்தப் பிள்ளைகளின் அன்றாடப் பிரச்சினை. பெற்றோர் பார்ப்பது "நோட்டில் பாதிப் பாடம்தான் இருக்கிறது" என்ற புகாரை மட்டும்.

எதை அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ல, ள, ழ குழப்பமும் ந, ன, ண குழப்பமும் ர, ற குழப்பமும் பெரியவர்களுக்கே இருக்கின்றன. நம் பேச்சில் அந்த வேறுபாடு பல ஊர்களில் தேய்ந்துவிட்டது, வாட்ஸ்அப்பில் வரும் ஜமாஅத் அறிவிப்புகளே அதற்குச் சாட்சி. அதை வைத்து எந்தப் பிள்ளையையும் சந்தேகிக்க வேண்டாம். ஐந்தாறு வயதில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி எழுதுவதும் இயல்பானதே. 2007இல் வந்த தாரே ஜமீன் பர் படத்துக்குப் பிறகு பலருக்கு டிஸ்லெக்சியா என்றால் எழுத்துகள் தலைகீழாக ஆடுவது என்ற எண்ணம் பதிந்துவிட்டது. அந்தப் படம் இந்தப் பிள்ளைகள் மீது நாட்டின் பார்வையைத் திருப்பியது, மறுப்பதற்கில்லை. ஆனால் எழுத்தைத் திருப்பி எழுதாத டிஸ்லெக்சியா பிள்ளைகள் ஏராளம். வலமிருந்து இடமாக அரபியும் இடமிருந்து வலமாகத் தமிழும் கற்பதால்தான் குழப்பம் வந்தது என்று மக்தபை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையும் உண்டு. இரண்டு திசையில் எழுதக் கற்பது டிஸ்லெக்சியாவை உண்டாக்குவதில்லை.

பள்ளிக்குப் போகும் முன்பே தெரியும் சில குறிப்புகளும் உண்டு. தாமதமாகப் பேசத் தொடங்குதல், "பம்பரம்" போன்ற சொற்களில் சத்தம் இடம் மாறுதல், "கல், பல்" என்று ஒலி ஒத்த சொற்களைக் கண்டுபிடிக்க முடியாமை, நன்றாகத் தெரிந்த நிறங்களின் பெயரைச் சட்டென்று சொல்ல வராமை, கிழமைகளின் வரிசை பிடிபடாமை. இவற்றில் ஒன்றிரண்டு எந்தக் குழந்தைக்கும் இருக்கும். குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது வாசிப்புச் சிரமம் இருந்திருந்தால் மட்டும் சற்று விழிப்பாக இருங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வாசிக்க வராத பையன் குறும்பு செய்வான், பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான், எப்படியோ ஆசிரியரின் பார்வையில் விழுவான். பெண்பிள்ளை பெரும்பாலும் அமைதியாகப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும். கையெழுத்து அழகாக இருக்கும், நோட்டு முழுமையாக இருக்கும். ஏழாம் வகுப்பில் மதிப்பெண் விழும்போது, "பொம்பளப் புள்ளதானே, போதும்" என்று நிறுத்திவிடுகிறோம். வாசிக்க முடியவில்லை என்ற ஒரு காரணத்தை யாரும் பார்க்காமலேயே அவளுடைய படிப்பு முடிந்துவிடுகிறது.

பையன்களுக்கு நாம் செய்வது வேறு. பள்ளிப் படிப்பு ஏறவில்லையா, ஹிஃப்ழு மதரஸாவில் சேர்த்துவிடு என்கிறோம். ஹிஃப்ழு என்பது பள்ளிக்கூடத்தில் தோற்றவர்களை ஒதுக்கி வைக்கும் இடமா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளையின் நிலையை யோசியுங்கள். பத்து வயதில் வீட்டை விட்டு வெகுதூரம் போகிறான். காதால் கேட்டு மனனம் செய்வதில் அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் அங்கே ஸபக் தயாரிப்பது முஸ்ஹஃபைப் பார்த்துத் தானே ஓதிப் பழகுவதன் மூலம். இரவு மற்றவர்கள் ஒரு பக்கம் முடிக்கும்போது இவன் மூன்றாவது வரியில் இருப்பான். மறுநாள் சுப்ஹுக்குப் பிறகு ஸபக் கொடுக்க முடியாது. ஊருக்கு ஃபோன் வரும், "கவனமே இல்லை" என்று. கடைசியில் ஓடிவருவான். பள்ளியிலும் தோற்றவன், மதரஸாவிலிருந்தும் ஓடிவந்தவன் என்ற இரண்டு பெயரோடு, பதினான்கு வயதில் ஒரு பட்டறையில் நிற்பான். இதே பையனுக்கு ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் கற்றுக்கொடுக்கும் முறையில் நிறுத்தி நிறுத்தி ஓதிய ஒலிப்பதிவைக் கொடுத்து, ஒரு துணை மாணவரையும் உடன் உட்கார வைத்திருந்தால் கதை மாறியிருக்க வாய்ப்புண்டு. குர்ஆன் முதன்முதலில் காது வழியாகத்தானே நெஞ்சங்களில் ஏறியது.

திக்கித் திணறி, சிரமத்தோடு குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. மிம்பரில் நாமே பலமுறை சொல்வதுதான். இரண்டு கூலிக்குரிய பிள்ளையின் கையில் அதே மாலை பிரம்படி விழுகிறது என்றால் என்ன சொல்வது! பள்ளிக்கூடங்களில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்துவிட்டது. அந்தச் சட்டம் மக்தபுக்குப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடித்தால் டிஸ்லெக்சியா போகாது, எழுத்தைக் கண்டாலே வரும் பயம்தான் கூடும்.

கண்ணேறு என்றும், ஜின் தொல்லை என்றும் ஓதிப் பார்க்க அழைத்து வருவோரும் உண்டு. ஓதுங்கள், துஆ செய்யுங்கள். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஓதிவிட்டு மருத்துவரிடமும் போகிறோம் அல்லவா, அதே போலத்தான் இதுவும். இன்னொரு பக்கம், நிறக் கண்ணாடி போட்டால் சரியாகும், கண் பயிற்சியால் சரியாகும் என்று பணம் வாங்குவோர் இருக்கிறார்கள். அவற்றால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்துவிட்டன. கண் பார்வையையும் காது கேட்கும் திறனையும் முதலில் சோதிக்க வேண்டியது அவசியம்தான். பார்வைக் குறைவால் வாசிக்காத பிள்ளைக்கு வேண்டியது சாதாரணக் கண்ணாடி, அதோடு விஷயம் முடிந்துவிடும்.

பிறகு எங்கே போவது? நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது, அதில் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்ற பெயரில் டிஸ்லெக்சியாவும் சேர்ந்தது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில், பள்ளி ஆசிரியர்களே முதல்கட்டமாகப் பிள்ளைகளைச் சோதித்து மேலே அனுப்ப வேண்டும். இது பெரும்பாலான பள்ளிகளில் தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம், தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அரசுப் பள்ளியானால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கென இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும், மனநலப் பிரிவிலும் உளவியல் சோதனைக்கு வழி கேட்கலாம். மனநலப் பிரிவு என்றதும் பயப்பட வேண்டாம். அங்கே அறிவுத்திறனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறனையும் தனித்தனியாக அளப்பார்கள், அவ்வளவுதான். சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதோடு ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. ஒரு ஜமாஅத் மனது வைத்தால் தன் மக்தப் உஸ்தாதுகளில் ஒருவரை இப்படியான பயிற்சிக்கு அனுப்பலாம். மினாரா வர்ணத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளை மீது முத்திரை விழுந்துவிடும், நாளை சம்பந்தம் பேசும்போது பிரச்சினையாகும் என்று தயங்குகிறார்கள். முட்டாள், சோம்பேறி என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறோம். சான்றிதழ் அதை அழிக்கத்தான் உதவுகிறது. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது, முழுதாக மறைவதும் இல்லை. முறையான பயிற்சியால் வாசிப்பு தேறும். ஏழெட்டு வயதில் தொடங்கினால் பலன் அதிகம், வேலை குறைவு. "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலைக் கேட்டு நான்காம் வகுப்பு வரை காத்திருந்தால், அதற்குள் அறிவியலும் சமூக அறிவியலும் வாசித்துப் புரிய வேண்டிய பாடங்களாகிவிடும், தமிழில் மட்டும் இருந்த சிரமம் எல்லாப் பாடத்துக்கும் பரவிவிடும்.

மக்தபில் உடனே செய்யக்கூடியவை சில. அந்தப் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், தனியே பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து போதும். பாவும் தாவும் ஒரே வாரத்தில் வேண்டாம், ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது. எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மணலிலோ அரிசியிலோ எழுதச் செய்யுங்கள். பார்வை, ஒலி, தொடுதல் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் இந்த முறையை அமெரிக்காவில் ஸாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்காக வகுத்தார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும், பழைய மதரஸாக்களில் பலகையில் எழுதி எழுதி அழித்ததும் இதே வழிதான். அச்சடித்த காயிதா மலிந்த பிறகு நாமே கைவிட்டுவிட்டோம். வரியின் கீழே ஓர் அட்டையை வைத்து மற்ற வரிகளை மறையுங்கள். தமிழில் வீட்டில் அம்மா ஒரு வரி, பிள்ளை ஒரு வரி என்று வாசியுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மனப்பாடத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கடைசியாக ஒரு தகவல். தமிழ்நாட்டு அரசுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், இரண்டு மொழிப் பாடங்களில் ஒன்றிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடினால் நடக்காது. எட்டு வயதில் வாங்கும் சான்றிதழை 14 வயதில் ஒருமுறையும் 18 வயதில் ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும், 18இல் கிடைப்பது ஆயுளுக்கும் செல்லும். ஆகவே ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பழைய சான்றிதழையும் சோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போய் வந்துவிடுங்கள்.